எஸ்தரம்மா மிதித்த சுண்ணாம்பு

“நீங்க ஏன் டீச்சரம்மா அதோட நிறுத்திட்டீங்க?” என்று எஸ்தரம்மா ஒருமுறை என்னைக் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. சென்ற வாரம் ஆம்பூரிலிருந்து அவருடைய தம்பி எழுதிய கார்டு நான் இப்போதிருக்கும் வேலூருக்கு வந்தது. ‘அக்கா ஞாயிறு காலை காலமானார்கள். அடக்கம் முடிந்தது.’ இரண்டே வரிகள். இனி பதில் கிடைத்தாலும் சொல்ல ஆள் இல்லை.

அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர்களும் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அது அவரைவிட என்னைப் பற்றியது என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

யுத்தம் முடிந்த 1918-ஆம் வருஷம், விஷக்காய்ச்சல் பரவிய மாதங்கள். நான் ஆம்பூரில் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. எஸ்தரம்மா வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். தெருவில் பெரும்பாலோர் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்தவர்கள். எஸ்தரம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் தினமும் சாவு. அங்கிருந்து வரும் அவர் தெருவுக்குள் காய்ச்சலைக் கொண்டுவருவார் என்று பயந்தார்கள். வேறெங்காவது போய்த் தங்கச் சொன்னார்கள். படுத்த படுக்கையாயிருந்த தாயாரை விட்டு அவர் எங்கே போவார்?

ஷெட்டின் மேஸ்திரி துரைசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். தோலிலிருந்து மயிரை உதிர்க்கச் சுண்ணாம்பில் ஊறப்போடுவது அவர்கள் தொழில். மாட்டுத்தோலையே வெளுக்கிற சுண்ணாம்புக்குக் காய்ச்சல் எம்மாத்திரம்? பாதியாய் அறுத்த பீப்பாயில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெருமுனையில் வைத்தார். நர்ஸம்மா போகும்போதும் வரும்போதும் அதில் இறங்கித்தான் ஏறவேண்டும்.

“இது மூச்சுல, இருமல்ல வர்ற நோய். காலை ஊறவெச்சா இன்னா ஆவும் மேஸ்திரி?” என்று எஸ்தரம்மா கேட்டார்.

“நீங்க ஆஸ்பத்திரிக்காரங்க, அப்படித்தான் சொல்லுவீங்க. மெட்ராஸ்ல பெரிய படிப்பு படிச்சவங்க இருக்காங்களே, அவங்களையே கேட்டுடலாம்” என்றார் மேஸ்திரி. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “சொல்லுங்க டீச்சரம்மா, சுண்ணாம்பு கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா?”

“கொல்லும்” என்றேன்.

சொன்னது பொய்யல்ல. ஆனால் அடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. நர்ஸம்மா சொல்வதுதான் சரி, இந்த நோய்க்குத் தொட்டியால் பயனில்லை என்ற வாக்கியம். அதை நான் சொல்லவில்லை. மேஸ்திரி “அவ்ளோதான்!” என்று கையைத் தட்டினார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள் நான் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தத் தொட்டி அங்கே இருப்பது எனக்கும் கொஞ்சம் தைரியமாக இருந்ததோ என்னவோ.

அதன் பிறகு அது வேடிக்கையாகிவிட்டது. “நர்ஸம்மா, ஜாஸ்தி நேரம் ஊறாதீங்க. உரிச்சு மெட்ராஸுக்கு ஏத்திடப் போறாங்க” என்பான் ஒருவன். “ஏத்துங்கப்பா. முதல் தரம்னு முத்திரை குத்தி ஏத்துங்க” என்பார் எஸ்தரம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் குழாயடியில் அவர் குடத்தை யாரும் தொடமாட்டார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவார்கள். “மூஞ்சியை மூடணும்னு இப்பவாவது தெரியுதே” என்று சொல்லிவிட்டு நடப்பார்.

பத்து நாளில் பாதங்கள் வெடித்துவிட்டன. விரலிடுக்குகளில் ரத்தம். தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் நிற்கக்கூடிய நர்ஸுகள் அப்போது இரண்டே பேர். அவர் கால் ஓய்ந்தால் ஒருவர்தான். ஒரு சாயங்காலம் துணியை அவிழ்த்தபடி என் வாசற்படியில் உட்கார்ந்து, கோபமில்லாமல், அந்தக் கேள்வியைக் கேட்டார். “நீங்க ஏன் டீச்சரம்மா அதோட நிறுத்திட்டீங்க? நான் சொன்னா ஏத்துக்கமாட்டாங்க. நீங்க சொல்லியிருந்தா ஏத்துக்கிட்டிருப்பாங்க.”

“நாளைக்குக் காலையில மேஸ்திரிகிட்ட சொல்றேன்” என்றேன்.

பின்னால் நாங்கள் எத்தனையோ முறை சந்தித்தோம். அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அதை மன்னிப்பு என்று எழுதிவிட எனக்குத் துணிவில்லை, மறந்திருக்கவும் கூடும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, இதோடு நிறுத்திவிட்டேனோ என்ற ஒரு சந்தேகம். சரியான பதில் ஒன்றைச் சொல்லி முடித்ததும் வருகிறது. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால்கூட வருகிறது.

சொல்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்ட மறுநாள் நடந்தது இது. காலையில் பேசவேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். மேஸ்திரி எனக்கு முன்பே தொட்டியருகே நின்றிருந்தார். அவருடைய மனைவிக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல். எஸ்தரம்மா வேலைக்குப் புறப்பட்டு வந்ததும், “நர்ஸம்மா, தொட்டி வேணாம். அப்படியே வீட்டுக்கு வாங்க” என்று கெஞ்சினார்.

“நீங்க போட்ட சட்டம்தானே மேஸ்திரி” என்று சொல்லிவிட்டு, எஸ்தரம்மா சுண்ணாம்பில் இறங்கி ஏறினார். மேஸ்திரியின் வீட்டை நோக்கி நடந்துகொண்டே, “முதல்ல நீங்க வாயில துணி கட்டுங்க” என்றார். நான் வாயைத் திறந்தேன். “அப்பறம் பேசிக்கலாம் டீச்சரம்மா” என்று மேஸ்திரி அவர் பின்னால் ஓடினார்.

நான் பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் எஸ்தரம்மா திரும்பி வந்தபோது தொட்டி அங்கேயே இருந்தது. அதை அகற்ற யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அதில் இறங்கினார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.