ஒன்பது மார்க் வாங்கிய தாக்கோயாக்கி

மாரிச்செல்வியிடம் மார்க் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. ராஜபாளையத்தில் ஜப்பான் பலகாரம் விற்கிறோம் என்று போர்டு மாட்டிய கடைக்காரர்களுக்கெல்லாம் அது நன்றாகத் தெரியும். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஏசியும் கண்ணாடிக் கதவுமாக ஒரு கடை திறந்தார்கள். இவள் போய் ஒரு பிளேட் தாக்கோயாக்கி வாங்கி, பல்குச்சியால் குத்திப் பிளந்து பார்த்து, போனைப் பார்த்துச் சொன்னாள்: “நேத்துச் சுட்ட பணியாரத்துல கெச்சப் ஊத்திருக்காவ. பத்துக்கு மூணு மார்க்.” அந்த முதலாளி மறுநாளே அதை மெனுவிலிருந்து தூக்கிவிட்டார்.

தாக்கோயாக்கி என்றால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. நம் குழிப்பணியாரத்துக்குக் கடல் தாண்டிய பங்காளி. மாவுக்குள் ஆக்டோபஸ் துண்டு வைத்து, குழிக்கல்லில் உருட்டி உருட்டிச் சுட்டு, மேலே கறுப்பாக ஒரு சாஸ் ஊற்றித் தருவார்கள். மாரிச்செல்வி ஒசாகாவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். டூட்டி முடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் நின்று, நாக்கு வெந்துபோக அதைத் தின்பாள். ஊர் நினைப்பில் அழுகை வந்த நாளெல்லாம் அப்படித்தான் அடக்கிக்கொண்டாள். திரும்பி வந்து இப்போது ராஜபாளையத்தில் ஐயாதுரை நடத்தும் கோச்சிங் சென்டரில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறாள். குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், அம்மா அய்யம்மாளோடு. நேரம் கிடைத்தால் கடை கடையாகப் போய்த் தின்று, மார்க் போட்டு, வீடியோ ஏற்றுவாள். ஆக்டோபஸுக்குப் பதில் காளான் வைத்தால்கூட மன்னித்துவிடுவாள். ருசி தப்பினால் மன்னிக்க மாட்டாள்.

வன்னியம்பட்டி போகிற ரோட்டில் லிங்கேஸ்வரன் கடை போட்டிருந்தான். சென்னையில் ஒரு ஓட்டல் அடுப்படியில் கிடந்து தொழில் படித்தவன். அவனும் பெண்டாட்டி மகாலட்சுமியும் பெருமாள் பக்தர்கள். போர்டில் ‘சுத்த சைவம்’ என்று அவனே பெயிண்டால் எழுதியிருந்தான். கோஸும் காளானும் வைத்த அவன் தாக்கோயாக்கிக்கு மாரிச்செல்வி முதலில் போட்டது ஐந்து மார்க்.

“சுட்ட பக்குவம் நல்லாருக்கு தம்பி. ஆனா அடி ருசி இல்ல. மாவுல தாஷிப் பொடி போடணும்” என்றாள்.

அவன் அதை மனதில் வைத்துக்கொண்டான். எங்கெங்கோ விசாரித்து ஆன்லைனில் ஒரு பாக்கெட் வரவழைத்தான். மேலெல்லாம் ஜப்பான் எழுத்து. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினான். ‘அக்கா, இதுதானா? போடலாமா?’ இரண்டு வகுப்புக்கு நடுவில் பார்த்தவள், ‘இதேதான், தாராளமாப் போடுங்க’ என்று பதில் போட்டாள்.

அந்தப் பொடி காய்ந்த சூரை மீனில் செய்வது. பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. அந்த எழுத்தை ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவள் இவள். ஆனால் பாருங்கள், கண்ணில் பட்டது மண்டையில் ஏறவில்லை. ஒசாகாவில் கறி மீன் இல்லாத சாப்பாடு கேட்டால், அவர்கள் கொண்டுவந்து வைக்கும் சூப்பிலும் அந்தப் பொடிதான் கரைந்திருக்கும். நமக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. மீன் கணக்கிலேயே வராது. இருந்து இருந்து இவளுக்கும் வராமல் போய்விட்டது.

புரட்டாசி பிறந்தது. சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்றே பேருள்ள குன்று ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, இறங்கி வரும் வழியில் லிங்கேஸ்வரன் கடைக்குப் போனாள். நெற்றியில் நாமத்தோடு கூட்டம் அம்மியது. மாசம் பூராவும் கவுச்சி தொடாதவர்கள். சைவக் கடை என்று நம்பி உட்கார்ந்திருந்தார்கள். கூமாப்பட்டி பஜனைக் கோஷ்டியைக் கூட்டிவந்த சோலைச்சாமியும் அதில் இருந்தார்.

“பணியாரந்தானட்டி, குடு” என்று அய்யம்மாளும் வாங்கித் தின்றாள்.

மாரிச்செல்வி ஒன்றை வாயில் போட்டாள். கண் தானாக மூடிக்கொண்டது. ஒசாகா ஸ்டேஷன் வாசல் அப்படியே வந்து நின்றது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் போனைத் தூக்கிப் பேசினாள்: “இம்புட்டு நாளா நான் தேடுன அந்தக் காய்ஞ்ச மீன் வாசம், அச்சு அசலா இருக்கு. ஒம்போது மார்க்.” கடை இரைச்சலில் பக்கத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கல்லுப் பக்கம் நின்ற லிங்கேஸ்வரனுக்கு ஒன்பது என்றது மட்டும் கேட்டது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பிள்ளை பாஸான தகப்பன் மாதிரி. அங்கேயே வீடியோவை ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருந்தார்: ‘சைவக் கடைலயா மீன் வாசம்? அதுவும் புரட்டாசில?’

அப்போதுதான் உறைத்தது. வீடியோவை அழித்தாள். அழித்து என்ன செய்ய? அதற்குள் அது எத்தனையோ வாட்ஸப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் சோலைச்சாமி கோஷ்டியோடு கடைக்குத் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. “தம்பி, நாங்க விரதக்காரங்க. என்ன போட்டு ஆக்குன, மறைக்காமச் சொல்லிரு” என்றார்.

“ஐயா, மீனு இந்த வாசப்படி ஏறுனதே இல்ல” என்றான் லிங்கேஸ்வரன். சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மலையைப் பார்த்துக் கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டான். கூட்டம் கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் அலமாரியிலிருந்த பாக்கெட்டை எடுத்து, போனைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தார். மீன் என்று வந்தது.

கலப்படம் என்றால்கூட ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிடும். கற்பூரத்தில் அடித்துப் பொய் சொன்னவனை யார் மறப்பார்கள்? மறுநாள் கடை திறக்கவில்லை.

அய்யம்மாள் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து படுத்துவிட்டாள். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சா எனக்குக் குடுத்த?”

“இல்லம்மா.”

“அந்தப் பயலுக்கும் தெரியாதோ?”

“தெரியாது. நாந்தான் போடச் சொன்னேன்.”

அய்யம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் ஒசாகாவில் இருந்த புரட்டாசி விரதமெல்லாம் என்ன விரதம் என்று மாரிச்செல்விக்கு நினைப்பு ஓடியது. அவமானமாக இருந்தது. ஆனால் அது அவள் பாடு, அவளுக்கும் பெருமாளுக்கும் உள்ளது. லிங்கேஸ்வரன் பண்ணிய சத்தியம் பொய்யில்லை என்பது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதுதான் தூங்கவிடவில்லை.

ஐயாதுரையிடம் சொன்னாள். அவர் பதறிப்போனார். “அறிவிருக்காம்மா உனக்கு? பாக்கெட்ட வாசிக்கத் தெரியாத டீச்சர்கிட்ட எவன் பிள்ளையச் சேப்பான்? வாயப் பொத்திக்கிட்டு இரு. கொஞ்ச நாள்ல அடங்கிரும்.”

அவள் பொத்திக்கொண்டு இருக்கவில்லை. பூட்டிய கடை முன்னால் நின்று எல்லாவற்றையும் வீடியோவில் சொன்னாள். பாக்கெட்டைப் பார்த்தது நான், போடச் சொன்னது நான், அவர் தெரியாமல் போட்டார், அவர் அடித்த சத்தியம் சத்தியம்தான் என்று சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாள். திட்டுக்கு மனதைத் தயாராக்கிக்கொண்டுதான் போனைத் திறந்தாள்.

திட்டு வரவில்லை. பாராட்டு வந்து குவிந்தது. ‘எம்புட்டு நேர்மை’, ‘தப்ப ஒத்துக்கிட ஒரு மனசு வேணும்க்கா’, இதயமும் கும்பிடும் வரிசையாக. சென்டருக்கும் விசாரித்துப் போன் வந்தது. ஐயாதுரை, நான் அப்பவே சொன்னேனே என்கிற தோரணையில் நடந்துகொண்டார். வெட்கம் கெட்ட மனுஷன், வேறென்ன சொல்ல.

லிங்கேஸ்வரன் திரும்பத் திறந்த கடைக்கு மட்டும் ஒரு ஆள் வரவில்லை. சோலைச்சாமி நல்ல மனுஷர், அவரே சொல்லிவிட்டார்: “அவன் மேல குத்தமில்ல. ஆனாலும் அந்தக் கல்லுல சுட்டத வாயில வைக்க மனசு ஒப்பல.” அவரையும் குறைசொல்ல முடியாது.

மாரிச்செல்வி அவன் வீட்டுக்குப் போனாள். மகாலட்சுமி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வாங்க என்று சொல்லாமல் உள்ளே போனாள். வாசலில் லிங்கேஸ்வரன் புளியைப் போட்டுக் குழிக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். விலைக்குக் கேட்டிருக்கிறார்களாம். திரும்பவும் சென்னைக்கே போகிறானாம்.

“மன்னிச்சிருங்க தம்பி.”

“நீங்க வேணும்னேவா செஞ்சீய? விடுங்கக்கா.” கொஞ்ச நேரம் தேய்த்தான். “ஒண்ணு கேக்கணும். அந்த ஒம்போது மார்க்கு என் கைப்பக்குவத்துக்கா, அந்தப் பொடிக்கா?”

யாருக்காகவும் மார்க்கைக் கூட்டிப் போட்டறியாதவள் அவள்.

“உங்க கைக்குத்தான் தம்பி.”

அவன் கல்லைத் திருப்பி வைத்து, குழிகளில் தண்ணீரை ஊற்றினான்.

“அப்ப, மொதத் தடவை எதுக்குக்கா அஞ்சு போட்டீய?”