மண்டோர் சுமந்த ஸ்பிரிட்

கோர்ட்டுக்குப் போகவேண்டிய நீள மேசையின் பாலிஷ் வெளுத்துவிட்டது என்பதற்காக, எங்கள் மரப்பட்டறையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பாலிஷ்காரனை வாயிலேயே குத்தினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரிக்பீல்ட்ஸில், அது தினசரி நிர்வாக நடவடிக்கை. அடிப்பதற்கு மட்டும் மேலிட அனுமதி தேவைப்படவில்லை. நான் அங்கே ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி. ஆணி முதல் அரக்கு வரை எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் வெளியேறும், கையெழுத்தோடு.

வெள்ளைக்காரத் துரை வந்து மேசையைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள் கண்ணாடிபோல் ஆகவில்லையென்றால் பாலிஷ்காரனின் வேலையும் போகும், பட்டறை கொடுத்த லயத்து வீடும் போகும் என்றார். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைச் சொந்த ஊருக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். பாலிஷ்காரனின் மனைவிக்கு நிறைமாதம்.

கிழிந்த உதட்டோடு ஒரு புட்டியைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தான்.

"சீனங்கடை சாராயம், சம்சுங்கய்யா. ஸ்பிரிட்டுக்குப் பதிலா இதுல அரக்கு கரையுமா?"

"குடல்தான் கரையும்."

தகரத் தட்டுகளை வரிசையாக வைத்தேன். ஒன்றில் ஸ்டோர் ஸ்பிரிட், ஒன்றில் சம்சு, ஒன்றில் அவன் மேசையடியில் மிச்சமிருந்த ஸ்பிரிட். தீ வைத்தேன். ஸ்டோர் ஸ்பிரிட் எரிந்து முடிந்ததும் தட்டு காய்ந்து கிடந்தது. மற்ற இரண்டிலும் தீ அணைந்தபின் தண்ணீர் நின்றது. தண்ணீர் சேர்ந்த ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசினால் மரம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும்.

"நான் ஒரு சொட்டு தண்ணி ஊத்தலைங்கய்யா. புள்ளத்தாச்சி மேல சத்தியம்."

"நீ ஊத்தலடா. இங்கேர்ந்து உன் மேசைக்கு யார் தூக்கிட்டு வர்றது?"

அவன் மண்டோர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தொழிலாளிகள் ஸ்பிரிட்டைக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக, மண்டோரே அதைச் சுமந்து போகவேண்டும் என்று விதி இருந்தது. மண்டோர் குடித்துவிட்டுக் குறைந்ததைத் தண்ணீரால் நிரப்பினால் என்ன செய்வது என்பதை விதி எழுதியவர் யோசிக்கவில்லை.

மறுநாள் கொடுக்கவேண்டிய ஸ்பிரிட்டில் அன்றே அரக்கைப் போட்டு ஊறவைத்தேன். அரக்கு கரைந்த ஸ்பிரிட்டில் தண்ணீர் விழுந்தால் பால்போல் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். தகரத்தின் வாய் குறுகல். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மண்டோர் வழக்கம்போல் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் குழாயடி வழியாகச் சுற்றிப் போனான்.

எல்லோரும் பார்க்க, பாலிஷ்காரன் அதைக் கிண்ணத்தில் ஊற்றினான். வெள்ளை வெளேரென்று திரிதிரியாக விழுந்தது.

"என்ன மண்டோரே, மாட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டு வரீங்களா? பாலு நல்லா திக்கா இருக்குலா!"

அவன் கேட்டதும் பட்டறையே சிரித்தது. மண்டோர் மரச்சுத்தியலை எடுத்து, மேசைமேல் ஊன்றியிருந்த பாலிஷ்காரனின் வலக்கையில் இறக்கினான். விரல்கள் முறிந்த சத்தத்தில் சிரிப்பு நின்றது. பாலிஷ்காரன் இடக்கைக்கு அகப்பட்ட மரச்சட்டத்தை மண்டோரின் தாடையில் வீசினான். அதற்குமேல் யார் யார் அடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வருடக்கணக்கில் அறை வாங்கியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். "போதும்லா, செத்துருவான்!" என்று கத்திக்கொண்டே உதைத்தான் ஒருவன். நான் போய்ச் சேர்ந்தபோது மண்டோர் மேசைக்கடியில் தன் பற்களைத் துழாவிக்கொண்டிருந்தான்.

மேசையெல்லாம் இரத்தம். பாலிஷ்காரன் அதைத் துடைத்து, பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, விதியை மீறி நானே சுமந்துவந்த ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, இடக்கையாலேயே பாலிஷ் ஏற்றினான். வலக்கை துணிக்கட்டுக்குள் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது.

சனிக்கிழமை துரை குனிந்து பார்த்தார். மேசையில் அவர் முகம் தெரிந்தது. திருப்திதான். அந்தத் திருப்தியோடு, பட்டறையில் சண்டை போட்ட குற்றத்துக்காக மண்டோரையும் பாலிஷ்காரனையும் ஒரே மூச்சில் வேலையிலிருந்து நீக்கினார். வீட்டையும் அன்றே காலி செய்யச் சொன்னார்.

எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வது விதிக்கு விரோதம் என்று பணிவோடு நினைவூட்டினேன். துரைக்கு விதி என்றால் மரியாதை. நோட்டீசுக்கான அச்சுத்தாள் ஸ்டோரில் தீர்ந்திருந்தது. தீர்ந்தால் எழுதி வரவழைக்கவேண்டியவன் நான்தான்.

குழந்தை அந்த வீட்டில்தான் பிறந்தது. தாய்க்கு எழுந்து நடக்கத் தெம்பு வந்த பிறகே, தாளுக்கு எழுத எனக்கு நேரம் கிடைத்தது.