குளத்தங்கரையில் இறங்க மறுத்த ஆச்சன்

மருதவாய் ஆச்சனுக்கு நிலம் கொஞ்சம், நடை அதிகம். ஊரில் எவன் வரப்பை எவன் அரித்தாலும் ஆச்சனைக் கூப்பிடத்தான் ஆள் வரும். போவான், குனிந்து பார்ப்பான், குதிகாலால் ஒரு கோடு இழுப்பான். அதோடு சண்டை முடிந்துவிடும். சில நேரம் அவனோடு தொடங்கும். இவனோடு வாழ்வதற்கு ஓர் எல்லைக்கல்லைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்பாள் அவன் மனைவி சாத்தி. கல்லாவது மழைக்குச் சாயும் என்பான் அவன்.

அந்த ஆனி மாதம், மருதவாய் ஊரைச் சிவன் கோயிலுக்குக் கொடுத்ததாக மன்னரின் ஓலை வந்தது. நாட்டுச் சபையாரான நாட்டார் எதிர்கொண்டு போய், தொழுது வாங்கி, தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஓலை வந்தால் அடுத்து பிடி சூழ வேண்டும். பெண் யானை ஒன்றை ஊரைச் சுற்றி நடத்துவார்கள். எல்லை தெரிந்த உழவன் ஒருவன் அதன்மேல் உட்கார்ந்து நான்கு எல்லையையும் உரக்கச் சொல்வான். யானை மிதித்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். அப்புறம் அதை யாரும் அசைக்க முடியாது. யானை ஏற நாட்டார் ஆச்சனைத் தேர்ந்தார்கள்.

சேதி கேட்டதும் சாத்தியின் அண்ணன் ஐயாறன் வந்துவிட்டான். மேற்கே செங்கழுநீர்க் குளம் இருந்தது. அது பக்கத்து ஊரான இடையூருக்குச் சொந்தம். மருதவாயின் எல்லை அதன் கிழக்குப் பக்கத்துக் கீழ்க்கரைக்கு இப்பாலேயே முடிந்துவிடும்.

"குளத்த உள்ள தள்ளிச் சொல்லு மாப்ள. கோயிலுக்குத்தானே போவுது, உன் வீட்டுக்கா? சாமிக்கு ஒரு பூந்தோட்டம் ஆச்சு, நமக்கும் கோடையில ஒரு போகம் ஆச்சு."

"இடையூர்க்காரன் எதைக் குடிப்பான்?"

"கிணறு வெட்டிக்கட்டும்."

"அங்க வெட்டினா உப்புத்தான் வரும். உனக்கே தெரியும் மச்சான்."

ஐயாறன் மோர்கூடக் குடிக்காமல் எழுந்து போனான்.

மறுநாள் காலை ஆச்சன் முதன்முதலாக யானை ஏறினான். கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னான். கிழக்கு முடிந்தது, தெற்கும் முடிந்தது. மேற்கே திரும்பும்போது உச்சிவெயில். காலையிலிருந்து யானைக்குத் தண்ணீர் காட்ட யாருக்கும் நினைவில்லை. சடங்கில் எல்லாரும் அத்தனை மும்முரமாக இருந்தார்கள். குளத்து வாடை பட்டதும் அது துதிக்கையைத் தூக்கியது. பாகன் பூதி அங்குசத்தால் குத்தியும் கேட்கவில்லை. தடத்தை விட்டு இறங்கி, குளத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கத்து மேல்கரைக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்றது.

மருதவாய்க்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். யானையே சொல்லிவிட்டதாம். ஐயாறன் ஓடிப்போய் மேல்கரையில் கள்ளி நடக் குழி தோண்டத் தொடங்கினான். சாட்சிக்கு வந்திருந்த இடையூர்க்காரர்கள் ஆச்சனை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பிடி மிதிச்சா மிதிச்சதுதான் ஆச்சா. அதான் முறை" என்றார் நாட்டாரில் மூத்தவரான கம்பனார். "இதான் மேற்கெல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு இறங்கு."

"அது எல்லை நடக்கலங்க. தண்ணிக்குப் போச்சு. நான் சொல்லமாட்டேன், இறங்கவும் மாட்டேன்."

ஏறினவன் வாயால் சொல்லாமல் எல்லை ஓலை எழுத முடியாது. இது கம்பனாருக்கும் தெரியும், ஆச்சனுக்கும் தெரியும். வெயிலில் தலை கிறுகிறுத்தது. கீழே இருந்தவர்கள் எல்லாம் அவன் ஊர்க்காரர்கள், அவன் பங்காளிகள். நாளைக்கு அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஆனால் இடையூர்ப் பெண்கள் குடத்தோடு இந்தக் கரைக்கு வரும் ஒற்றையடிப் பாதை யானைமேலிருந்து முழுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பொய் சொல்வது?

"சாமிக்கே தண்ணி இல்லங்கிறான்" என்று ஐயாறன் கத்தினான். "என் தங்கச்சிய நல்ல இடத்துலதான் குடுத்திருக்கேன்."

வேறு ஆளை ஏற்றலாமா என்று கம்பனார் பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டார். அது ஆச்சன் காதில் விழுந்தது.

"ஏத்துங்க. கிழக்கிலேருந்து திரும்ப ஆரம்பிக்கணும். அந்த ஆளு இங்க வந்து நிக்கறப்ப, நான் கீழ நின்னு இதையேதான் சொல்லுவேன். நீங்க ஓலையத் தலையில வச்சு வாங்கினீங்க. மருதவாயக் குடுத்தேன்னுதான் அதுல இருக்கு. இடையூருக் குளத்தக் குடுத்தேன்னு இல்ல."

கம்பனார் யானையை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"இவ வயிறு முட்டக் குடிக்கட்டும். அப்புறம் கடைசியா நட்ட கல்லுக்குத் திரும்பி, அங்கேருந்து நடப்போம்."

கம்பனார் தலையசைத்தார். யானை குடித்தது. பூதி அதைத் திருப்பிக் கூட்டிப் போனான். இந்த முறை அது குளத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மேற்கெல்லை, செங்கழுநீர்க் குளத்துக் கீழ்க்கரைக்குக் கிழக்கு" என்று ஆச்சன் தொண்டை கிழியச் சொன்னான். கல்லும் கள்ளியும் இப்பால் இறங்கின. ஐயாறன் மண்வெட்டியை வீசிவிட்டுப் போய்விட்டான்.

வடக்கும் முடிந்து பத்தாம் நாள் நாட்டார் கூடினார்கள். வெற்றிலைத் தட்டு ஆச்சனைத் தாண்டிப் போனது. அவன் நகரவில்லை. எழுத்தர் தான் எழுதிய எல்லை ஓலையை வாசித்தார். கடைசியில், யானை ஏறி எல்லை சொன்ன மருதவாய் வெள்ளாளன் கொற்றன் ஆச்சன் என்று வந்தது. எழுத்தர் அவன் முன் ஓலையை நீட்டி, அவன் பெயர் இருந்த இடத்தைக் காட்டினார். ஆச்சனுக்குப் படிக்கத் தெரியாது.

"என் பேரு இருக்கட்டும். மேற்கெல்லைய மட்டும் இன்னொரு தடவ வாசிங்க."

அவர் வாசித்தார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு முடித்த பிறகுதான் ஆச்சன் எழுத்தாணியைக் கையில் வாங்கி, தன் குறியைக் கீறினான்.