குளக்கரையில் நின்ற பஸ்

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். இடம் விளங்காவிட்டால் அம்மாவின் பிடிவாதமும் விளங்காது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் எங்கள் ஊர் இருந்தது. ஊர் என்றால் சந்திதான். சங்கக்கடை, தபால் கந்தோர், பேக்கரி, புடவைக்கடை, சலூன், படம் பிடிக்கும் கடை, இரண்டு தேத்தண்ணிக் கடைகள் எல்லாம் அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பஸ் நிற்பதும் அங்கேதான். சந்தியிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் வீதி குளக்கட்டோடு வந்து சேரும். அந்த மேட்டில், தண்ணீரைப் பார்த்தபடி, எழுபதுகளின் கடைசியில் ஒரு வரிசைக் கடைகளைப் புதிதாகக் கட்டினார்கள். திறப்பு விழாவில் பேசிய பெரியவர் ஒருவர், சந்தி இனிப் பழங்கதை என்றும் குளக்கரைதான் நாளைய பட்டினம் என்றும் சொன்னார். பேசி முடித்ததும் தேத்தண்ணி குடிக்கச் சந்திக்குப் போனார்.

அந்த வரிசையில் ஒரு கடை எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து வந்தவர்கள். அப்பாவின் வயல் வாய்க்காலின் கடைசிக் காணி. குளத்துத் தண்ணீர் மற்றவர்களின் வயல்களையெல்லாம் விசாரித்துவிட்டு எங்களிடம் வருவதற்குள் தீர்ந்துபோகும். கோடைச் சிறுபோகம் இரண்டு முறை கருகிய பிறகு, வயலை மட்டும் நம்ப முடியாது என்று அம்மா தேத்தண்ணிக் கடை போட முடிவுசெய்தார். அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா ஆளனுப்பியிருந்தார். அவர் அப்பாவின் மூத்த அண்ணன். காட்டில் கிடந்து கஷ்டப்பட்டது போதும், தைப்பொங்கலுக்கு முன் தானே வந்து எங்கள் எல்லோரையும் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"அந்தக் குசினிக்கு இனி நான் போகமாட்டன்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. உண்மையில் எனக்குப் போக ஆசை. பெரியப்பா வீட்டில் கறுத்தக்கொழும்பான் மாமரம் இருந்தது, வானொலி இருந்தது, விளையாட என் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வீட்டுக் குசினியும் நல்ல பெரியது. இருபது பேருக்குச் சமைக்கலாம். அம்மா அங்கே விடியவிருந்து பொழுதுபடும்வரை நின்றதுதான் எனக்கு நினைவு. ஒருமுறையாவது உட்கார்ந்து இருந்ததாக நினைவில்லை. சீனிப் போத்தல் பெரியம்மாவின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். நான் கேட்டால் பெரியம்மா திறந்து ஒரு கரண்டி தருவார். ஆகவே அந்தக் குசினியில் அம்மாவுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை.

குளக்கரைக் கடையில் குறைகளுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குச் சோழகக் காற்று தண்ணீரைத் தாண்டி வந்து அடுப்பை அணைத்தது. வரிசையில் எங்களுடையதைத் தவிர ஒரு சைக்கிள் கடைதான் திறந்திருந்தது. அந்தச் சைக்கிள்காரரும் தேத்தண்ணி குடிக்காதவர். குளத்தில் இறங்கும் எருமைகளும் அவற்றை ஓட்டி வருகிறவர்களும் எங்களைக் கடந்து போனார்கள். பஸ் வரும், புழுதியை எங்கள் கண்ணாடிப் பெட்டி வடைகளின்மேல் போட்டுவிட்டு, சந்திக்குப் போய் நிற்கும். சந்தித் தேத்தண்ணிக் கடை முதலாளி ஒருநாள் சைக்கிளில் போகும்போது காலை ஊன்றி நின்று, "என்ன தங்கச்சி, குளத்து மீனுக்கோ தேத்தண்ணி ஆத்திறியள்?" என்று கேட்டார்.

"மீன் கடன் சொல்லாது அண்ணை," என்றார் அம்மா.

ஆனால் அம்மாவுக்குக் கணக்கு விளங்கியிருந்தது. பஸ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஊர். புதுக் கட்டடமும் காற்றும் தண்ணீரும் ஒரு பொருட்டல்ல. பஸ்ஸை நிறுத்தாவிட்டால் பொங்கலுக்கு முன் கடையைப் பூட்டிவிட்டுப் பெரியப்பாவின் பின்னால் போக வேண்டியதுதான்.

பஸ்ஸை நிறுத்தும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி. அகலக் கால்சட்டை போட்டு, சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பார். எங்களோடு வந்து தங்கியவர், வயலுக்கும் போகாமல் கடையிலும் நில்லாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். வன்னி வழியாகப் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று, கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. அந்த வழக்கத்தை மாமா தன் யோசனைக்கு முதலாக எடுத்தார்.

"மருமகள், சாரதிமார் மனிசருக்கு நிக்கமாட்டினம். பிள்ளையாருக்கு நிப்பினம்," என்று என்னைக் கூட்டிக்கொண்டு, குளம் நிரம்பி வழியும் வான்பக்கம் போனார். தண்ணீர் வழிந்தோடித் தேய்த்த கற்கள் அங்கே கிடந்தன. வயிறு பெருத்த ஒரு கல்லைத் தெரிந்தெடுத்து, இருவருமாக உருட்டி வந்து, கடைக்கு எதிரே மருதமரத்தின் கீழ் வைத்தோம். நான் சந்தனம் பூசினேன். செவ்வரத்தம்பூவும் அறுகம்புல்லும் நான்தான் வைத்தேன். பார்க்கப் பார்க்க அது பிள்ளையாராகவே ஆகிவிட்டது.

அம்மா வெளியே வந்து பார்த்தார்.

"பிள்ளையாரையும் கடையில வேலைக்கு வச்சிட்டியோ தம்பி?"

"சம்பளம் இல்லாத ஆள் அக்கா. ஒரு பூ காணும்."

"உன்னைவிடப் பறவாயில்லை," என்றார் அம்மா. ஆனால் வைத்த பிள்ளையாரை எடுக்கக்கூடாது என்பதால் தினமும் ஒரு விளக்கை அவரே ஏற்றி வைத்தார்.

அடுத்த நாள் காலை முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்தது. மருதமரத்தைக் கண்டதும் வேகம் குறைந்தது. சாரதி ஒரு கையைச் சுக்கானிலிருந்து எடுத்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, மிதித்துப் போய்விட்டார். இப்படியே நாட்கள் போயின. ஒருநாள் மாமா வீதிக்கு நடுவே போய் நின்று பஸ்ஸை மறித்தார்.

"அண்ணை, ஒருக்கா இறங்கிக் கொளுத்திப்போட்டுப் போங்கோவன்."

"முறிகண்டியில கொளுத்தத்தானே போறன். ஒரு பயணத்துக்கு ஒரு பிள்ளையார் காணும் தம்பி, வழியை விடும்," என்றார் சாரதி. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா அன்றைக்கு முழுவதும் சீப்பை எடுக்கவில்லை.

பிறகு மார்கழியில் ஒரு காலை, எருமைகள் வீதியைக் கடந்துகொண்டிருந்ததால் பஸ் எங்கள் கடைக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது. எருமைக்கு அவசரம் இல்லை. பின்கதவால் ஒரு பெண் இறங்கினாள். நிறைமாதம். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பின் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்களில் ஒருத்தி என்று பேச்சில் தெரிந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒதுங்க ஒரு எடம் இருக்குங்களா? விடியக்காலம் ஏறினதுங்க. சந்தியில எல்லாம் ஆம்பளைங்களா நிப்பாங்க."

எங்கள் பாவனைக்கென்று கடைக்குப் பின்னால், குளத்துப் பக்கமில்லாத சரிவில், தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்பு இருந்தது. அம்மா அவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் வாளியில் தண்ணீர் கொண்டு ஓடினேன். இதைப் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்த ஒரு கிழவி இறங்கினார். அவரைப் பார்த்து இரண்டு ரீச்சர்மார் இறங்கினார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பெண்களும் இறங்கி எங்கள் கடையின் பக்கத்தால் வரிசையாக நின்றார்கள். எருமைகள் போய் முடிந்தும் பஸ் போக முடியவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தார்.

"அடியும், அடியும். நீர் ஆம்பிளை, மரத்துக்குப் பின்னால போட்டு வருவீர்," என்றார் கிழவி.

பெண்கள் திரும்பி வரும்வரை ஆண்கள் என்ன செய்வது? இறங்கினார்கள். தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தேத்தண்ணி கேட்டார். இன்னொருவர் வடை கேட்டார். சாரதியும் கடைசியில் இறங்கி வந்து, தோல்வியை ஒப்புக்கொண்டவர்போலக் கதிரையில் இருந்து, "சீனி கூடப் போடுங்கோ," என்றார்.

அன்று மத்தியானமே அம்மா குழி தோண்ட அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்சரிவுக்குப் போனார். இன்னும் இரண்டு மறைப்புகள், ஆழமான குழிகள், கைகால் கழுவ ஒரு மேடை. வயலிலிருந்து வந்த அப்பா வேலையைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"இஞ்சரும், தேத்தண்ணிக் கடை எண்டு தொடங்கி, கக்கூசுக் கடை எண்டு பேர் வரப்போகுது."

"வரட்டும்," என்றார் அம்மா, நிமிராமல்.

"சந்தியில சிரிப்பாங்கள்."

"சந்தியில இவ்வளவு கடை இருக்கு. ஒரு பொம்பிளை இறங்கிப் போக ஒரு இடம் இருக்கோ? சொல்லுங்கோ. இல்லையெண்டால் அந்தக் கிடுகை இஞ்சால எடுத்துத் தாங்கோ."

அப்பா கிடுகை எடுத்துக் கொடுத்தார். அதன்பின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

சொல்லி அனுப்பத் தேவையிருக்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. குளக்கட்டு தெரிந்ததுமே பஸ்ஸின் பக்கத்தகரத்தில் கையால் தட்டத் தொடங்குவார்கள். நிற்காமல் போன ஒரு நாளில் சாரதி என்ன ஏச்சு வாங்கினார் என்பதைக் கொண்டக்டர் வந்து கைகொட்டிச் சிரித்துச் சொன்னார். பிற்பகல் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் பஸ்ஸும் நின்றது. சந்தியில் அது நிற்கும் நேரம் குறைந்தது. எங்கள் வரிசையில் இன்னொரு கடைக்காரர் வந்து வாழைக்குலைகளைத் தொங்கவிட்டார். மாமா மட்டும் என்னிடம் இரகசியமாக, "பாத்தியே மருமகள், கொஞ்சம் பிந்தினாலும் என்ர பிள்ளையார் நிப்பாட்டிப்போட்டார்," என்றார். நான் அதை முழுமனதாக நம்பினேன். எருமையை அனுப்பியது வேறு யார்?

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது பிற்பகல் பஸ்ஸில் பெரியப்பா வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, சால்வை, குடை. அவர் இறங்கிய அதே நேரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் அவரைத் தாண்டிக் கடையின் பின்பக்கம் விரைந்தார்கள். பெரியப்பா ஒதுங்கி நின்று பார்த்தார். விசயம் விளங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் மாறியது.

"தம்பி, உதென்ன கோலம்?" என்று அப்பாவைக் கேட்டார். "எங்கட குடும்பத்துப் பொம்பிளை ரோட்டுக்கரையில நிண்டு, வாறவை போறவைக்கெல்லாம் வாளி தூக்கிக் குடுக்கிறதோ?"

அப்பா, "இருங்கோ அண்ணை," என்று கதிரையை நகர்த்தினார்.

"இருக்க வரேல்லை. சாமானைக் கட்டுங்கோ. மாங்குளம் போற பின்னேர பஸ்ஸில ஏறினால் இரவு ரயில் எடுக்கலாம். வீடு கிடக்கு, வாசல் கிடக்கு. உங்கட பெரியம்மாவும் தனிய நிண்டு மாரடிக்கிறா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு மனதுக்குள் மாமரம் தெரிந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பஸ் ஆண்களுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். அதே வரிசையில் ஒரு கிளாசை நிரப்பிக்கொண்டு வந்து பெரியப்பாவின் முன் வைத்தார். உறவினருக்கு வைக்கும் வெள்ளி மூக்குப்பேணி உள்ளே இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"பெரியத்தான், ஆறமுதல் குடியுங்கோ."

"பிள்ளை, நான் சொன்னது கேட்டதோ?"

"ஓம், கேட்டது. நாங்கள் வரேல்லை."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. அடுத்த ஆளுக்கு வடை எடுக்கத் திரும்பிவிட்டார். பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "அவ சொன்னதுதான் அண்ணை," என்றார்.

பெரியப்பா தேத்தண்ணியைக் குடித்தார். முல்லைத்தீவு பஸ் புறப்பட்டுப் போனது. அவர் குளத்தைப் பார்த்தபடி இருந்தார். மாங்குளம் பஸ் தூரத்தில் தெரிந்ததும் எழுந்து, சால்வையை உதறிப் போட்டு, மடியிலிருந்து ஒரு ரூபாய் நாணயக் குற்றியை எடுத்து மேசையில் சத்தம் கேட்க வைத்தார்.

"கடைதானே. பிடியுங்கோ."

கணவனின் மூத்த அண்ணனிடம் தேத்தண்ணிக்குக் காசா? அம்மா பதறிப்போய், "ஐயோ பெரியத்தான், உங்களிட்டையோ" என்று கும்பிட்டு, அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்பார், பெரியப்பாவும் மனமிளகுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். பெரியப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். காசை எடுத்தார். தகரப்பேணிக்குள் போட்டார். பேணிக்குள் தேடி மிச்சக் காசைப் பொறுக்கி எடுத்து, மற்ற எல்லோருக்கும் கொடுப்பதுபோல் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"போட்டு வாங்கோ பெரியத்தான்."

பெரியப்பா மிச்சக் காசைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறினார். குடையைக்கூட மறக்கவில்லை.

அப்பா வயல்பக்கம் போனார். கடையில் ஒருவரும் இல்லை. அம்மா பெரியப்பா எழுந்துபோன அதே கதிரையில் போய் இருந்தார். கடை திறந்த நாளிலிருந்து அவர் ஒரு கதிரையில் இருந்து நான் பார்த்ததில்லை. காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, கையை மடியில் போட்டுக்கொண்டு, குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. பெரியப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார், மாமரமும் வீடும் இனி இல்லை, செய்த பிழையை நினைத்து அம்மா அழுகிறார் என்று எண்ணினேன். எனக்கே அழுகை வந்தது. ஆனாலும் தேற்ற வேண்டியவள் நான்தான் என்று பக்கத்தில் போய் அவரது தோளைத் தொட்டேன்.

"அழாதேங்கோ அம்மா. பெரியப்பா திரும்பி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாயை மூடிக்கொள்ளாமல், கதிரை ஆட, சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்காமல், அவர் சிரித்து முடியும்வரை அந்தத் தோளைப் பிடித்தபடியே நின்றேன்.