தம்பி பிடித்த கை

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன் கால்பந்து நடுவராக வரவே கூடாது. வந்தால் என்ன பாடுபடுவான் என்று தெரிய வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக் கோட்டோரம் நின்று காதைக் கொடுத்தால் போதும். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்களே ரெஃப், நீங்க ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "அவர் கடையில அவருக்கே கடன் கிடையாதாம்டா" என்று இன்னொருவன் எடுத்துக் கொடுப்பான். அதே வாய்கள்தான் திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்து, "அண்ணே, காதுகிட்ட அழுத்துது, கொஞ்சம் பாத்துக் குடுங்கண்ணே" என்று குழையும்.

கண்ணாடிக்காரர் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். கடையின் பின்அறையில், லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்கும் ஃப்ரேமைச் சூடுகாட்டி வளைக்கிற சின்னப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, காதுக் கம்பியை இளக்கி, விரலால் ஒரு அழுத்து அழுத்தி நீட்டுவார். மாட்டிக்கொண்டவர் "இப்ப சரியா இருக்குண்ணே" என்பார். கடைக்கு வருகிற பெரியவர்கள்கூட அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட வேண்டிய ஒருவன் மட்டும் கூப்பிடவில்லை. அது அவருடைய சொந்தத் தம்பி.

நடந்தது இதுதான். தம்பி அந்தக் காலத்தில் லீக்கிலேயே கெட்டிக்கார முன்கள ஆட்டக்காரன். மேல்மட்ட லீக்கிலிருந்து ஒரு க்ளப்பின் ஆட்கள் அவனைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு ஆட்டத்துக்குக் கண்ணாடிக்காரர் விசிலோடு போனார். தம்பி ஆடுகிற ஆட்டத்துக்கு அண்ணன் நடுவரா என்று கேட்காதீர்கள். அந்த லீக்கில் உறவுமுறை பார்த்தால் ஒரு பந்துகூட உருளாது. கோல் எல்லைக்குள் தம்பியின் காலை எதிரணிக்காரன் ஒருவன் தட்டிவிட்டான். அண்ணன் விசில் ஊதவில்லை. தட்டியது பந்தைத்தான் என்று அவர் கண்ணுக்குப் பட்டது. தம்பி எழுந்து ஓடிவந்தான். வீட்டில் எப்படிப் பிடிப்பானோ அப்படியே அண்ணன் கையைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, பாத்தியா இல்லையா? சொல்லுண்ணே, பாத்தியா இல்லையா?"

நடுவர் மேல் கைவைத்தால் சிவப்பு அட்டை. இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை உருவிக்கொண்டு அட்டையை எடுத்துக் காட்டினார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒழுங்குக் குழு கூப்பிட்டு விசாரித்தது. "கை தெரியாம பட்டதா, பிடிச்சு இழுத்தாரா?" என்று கேட்டார்கள். தெரியாமல் பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு ஆட்டத் தடையோடு முடிந்திருக்கும். கண்ணாடிக்காரர் இருக்கிறாரே, பொய் சொல்ல வராத பிறவி. "பிடிச்சாரு" என்றார். சீசன் முழுக்கத் தடை. மேல்மட்ட க்ளப்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். தம்பி அப்புறம் லாரிக்கு டிரைவராகப் போனான், முட்டி போகும்வரை அதே சின்ன க்ளப்புக்கு ஆடினான், அண்ணனிடம் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டான்.

சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போயிருந்தாலாவது மறந்து தொலைத்திருக்கலாம். இவர்கள் இருந்தது ஒரே வீட்டில். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். மனைவிமார் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. மாடியிலிருந்து குழம்பு இறங்கும், கீழேயிருந்து பொரியல் ஏறும். "மோட்டார் போடணுமாம், உங்க அண்ணன் சொல்றாரு" என்று இவள் மேலே பார்த்துக் கத்துவாள். "போடச் சொல்லுங்கக்கா, இவரு தலைய ஆட்டுறாரு" என்று அவள் கீழே பார்த்துக் கத்துவாள். "எத்தனை வருஷமா நாம ரெண்டு பேரும் தபால்காரி வேலை பாக்குறோம், சம்பளம் மட்டும் வர மாட்டேங்குது" என்று இருவரும் சிரித்துக்கொள்வார்கள். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வராது. மாடிப்படியில் தம்பி இறங்குகிற சத்தம் கேட்டால், என்ன வேலையாக இருந்தாலும் கை நின்றுவிடும். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும். இன்றைக்கும் இல்லை என்று அவர் வேலையைத் தொடருவார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். அம்மா இரண்டு கைகளையும் சேர்த்துவைக்கப் பார்த்தாள். தெம்பு இல்லை. அப்போதும் அவன் பேசவில்லை.

இதெல்லாம் போகட்டும், தம்பிக்கு வெள்ளெழுத்து வந்தபோது அவன் போய்க் கண்ணாடி போட்டது எதிர்க்கடையில்! அதில்தான் அண்ணனுக்கு வயிறு எரிந்தது. போட்டவன் ஒழுங்காகவாவது போட்டானா? இடது பக்கம் இறங்கி நிற்கும். வாசலில் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் இவர் விரல்கள் குறுகுறுக்கும். ஒரு நிமிஷ வேலை. கொஞ்சம் சூடு, ஒரு அழுத்து. "ஒரு தடவை அவரு கழட்டி வெச்சிட்டுத் தூங்கும்போது எடுத்துக் குடுத்திடவா மாமா?" என்று தம்பி மனைவி கேட்டாள். "வேண்டாம்மா, அவன் குடுத்தாத்தான்" என்று சொல்லிவிட்டார்.

தம்பியின் க்ளப் ஆடுகிற ஆட்டங்களுக்கு அன்றிலிருந்து இவர் போவதில்லை. ஆனால் இந்த சீசன்தான் இவருக்குக் கடைசி. வயதாகிவிட்டது, இனி விசில் தர மாட்டார்கள். சீசனின் கடைசி வாரம் லீக் செயலாளர் கடைக்கே வந்து நின்றார். "வேற ஆளே இல்லண்ணே. ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் வெளியூர். தோத்தா உங்க தம்பி க்ளப் கீழ் லீக்குக்குப் போயிடும், ஆட்டத்தைத் தள்ளவும் முடியாது. என்னைக் காப்பாத்துங்க."

சின்ன லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. சம்பளம் ஒரு நடுவருக்குத்தான். கோட்டோரம் கொடி பிடிக்க இரண்டு க்ளப்பும் தங்கள் ஆள் ஒருவரை அனுப்பும். சொந்த க்ளப்காரன் எப்படிக் கொடி பிடிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: பந்து வெளியே போனால் மட்டும் கொடி காட்டுங்க, ஆஃப்சைட நான் பாத்துக்கறேன். பந்து கிளம்பும்போதே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்பதுதான் ஆஃப்சைட், அப்படி நின்று போட்ட கோல் செல்லாது.

அன்றைக்குக் கொடியோடு வந்து நின்றவன் தம்பி. கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருந்தது.

கண்ணாடிக்காரர் எதிரணி ஆளிடம் வழக்கமான பாட்டைப் பாடி அனுப்பினார். தம்பி பக்கம் திரும்பினார். அவன் அவருடைய விசிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆஃப்சைடும் நீயே பாத்துக்கோ" என்றார்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கோட்டோரம் தனக்கான பாதிக்குப் போனான்.

ஆட்டம் முடிகிற நேரம் வரை தம்பியின் க்ளப் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. சமன் செய்தாலே போதும், தப்பித்துவிடுவார்கள். அப்போது நடுவிலிருந்து ஒருவன் பந்தைத் தூக்கிப் போட்டான், அவர்களுடைய பத்தாம் நம்பர் பையன் ஓடிப்போய் வலைக்குள் தள்ளினான். கண்ணாடிக்காரரின் முட்டி பாதி மைதானத்திலேயே நின்றுவிட்டது. அவருக்கு அது சுத்தமான கோலாகத்தான் தெரிந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு கோட்டோரம் பார்த்தார். தம்பியின் கொடி உயர்ந்திருந்தது.

சொந்த க்ளப்பின் கோலுக்கு எதிராகக் கொடி! அதுவும் அந்த க்ளப்புக்காக முட்டியைத் தொலைத்தவன்.

கண்ணாடிக்காரர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆஃப்சைட். கோல் இல்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? பதினோரு பேரும் பாய்ந்தார்கள், வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் பாய்ந்தார்கள். நெஞ்சோடு நெஞ்சு இடித்தது, சட்டையை யாரோ இழுத்தார்கள், விசில் கீழே விழுந்தது. "அண்ணனும் தம்பியும் கூட்டுக் களவாணிங்கடா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தனை களேபரத்திலும் அது அவர் காதில் தேனாக விழுந்தது. அவர்கள் இருவரையும் ஒருசேர யாராவது திட்டி எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

அந்த நெரிசலுக்குள் ஒரு கை நுழைந்து அவர் வலது கையைப் பிடித்தது. அதே பிடி. அட்டை எடுக்கிற கை அதுதான்.

"வாண்ணே இந்தப் பக்கம்" என்றான் தம்பி. ஆட்களைத் தோளால் தள்ளிக்கொண்டு அவரைக் கோட்டோரம் இழுத்துவந்தான். யார் கை பட்டதோ, அவன் கண்ணாடி இப்போது ஒரே காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

க்ளப்பின் கிழட்டுக் கோச் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அன்று தன் முன்கள ஆட்டக்காரனை இழந்தவர் அவர். இன்றைக்கு க்ளப்பையே இழந்துகொண்டிருந்தார். "யோவ் கண்ணாடி! அன்னைக்கு இதே கை உன்னைப் பிடிச்சதுக்குத்தானேய்யா சீசன் பூரா உக்கார வெச்ச? இப்ப பிடிச்சு இழுக்குறானே, எங்கய்யா உன் அட்டை?"

சுற்றி நின்றவர்கள் அடங்கினார்கள். தம்பியின் பிடி தளர்ந்தது. கண்ணாடிக்காரர் சட்டென்று தன் விரல்களை மடக்கி அந்தக் கையை இறுக்கிக்கொண்டார்.

"பிடிச்சானா?" என்றார். "யாரு? நான் பாக்கலயே."

கோச் வாயைப் பிளந்தார். தம்பி வேறு பக்கம் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. அப்புறம் சும்மா இருந்த கையால் அந்தக் கோணல் கண்ணாடியைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினான்.

"ஆட்டத்தை முடிண்ணே. முடிச்சிட்டு இதைக் கொஞ்சம் பாரு" என்றான்.