அடுப்படிச் செருப்பு

ஷாக் அடிக்கும் என்று தெரிந்தே எங்கள் பழைய ரைஸ் குக்கரை விற்றவன் நான். ஈரக்கையோடு அதைத் தொட முடியாது. அதற்காகவே அடுப்படியில் ஒரு சோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தோம்.

"பிழை ஏதும் இரிக்கா சேர்?" என்று கேட்டார் அக்குறணையில் பழைய சாமான் வாங்கும் கடைக்காரர்.

"சோறு நல்லா வேகும்" என்றேன். பள்ளியில் மின்சாரப் பாடம் படிப்பித்தவன் நான்.

அதன்பின் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மழை பெய்தாலே, ஈரத் தரையில் யாரோ வெறுங்காலோடு நிற்பது போலிருக்கும். கடைசியில் கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லி, அவரிடம் அதை வாங்கிய பெண்ணின் வீட்டை விசாரித்து, புதிய குக்கரோடு மடவளைக்கு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டு வாசலில் சிறிதும் பெரிதுமாகச் செருப்புகள் கிடந்தன. உள்ளே எல்லோரும் வெறுங்கால். நானும் கழற்றிவிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"ஷாக் அடிக்கிதுன்டு மகள் அழுதா. வேலக் கள்ளின்டு ஏசினேனே! ஒங்கட ஊட்டுல எப்பிடி ஆக்கினீங்க?"

"செருப்புப் போட்டுக்கொண்டு."

"அப்ப அந்தச் செருப்பையும் சேத்து வித்திரிக்கலாமே, சேர்?"

புதிய குக்கரை அவர் நம்பவில்லை.

"ப்ளக்குல போட்டு, கைய நனச்சிட்டு நீங்களே தொட்டுக் காட்டுங்க."

புத்தம் புதியதுதான். ஆனாலும் வெறுங்காலோடு நின்று ஈரக்கையை நீட்டியவன், தொடுமுன் ஒருதரம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பாத்து, சேர்" என்றாள் கதவோரம் நின்ற மகள்.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் கடையில் சொல்லாமல் வந்தேன்.