‘உண்மைக் கதை’ என்று ஊரூராய்க் கூவிய காலம்

சினிமா விளம்பரத் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: படம் ஓடினால் நடிகர் கெட்டிக்காரர், ஓடாவிட்டால் மைக்கில் கூவினவர் சரியில்லை.

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் நின்ற ஒரு டூரிங் டாக்கீஸில் அந்தச் சரியில்லாத ஆள் நான்தான். மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் படத்தட்டி, மேலே குழாய் ஒலிபெருக்கி, உள்ளே பேட்டரியும் நானும். மத்தியானம் கிளம்பி ஊர் ஊராகப் போய், “இன்று முதல்! உண்மைக் கதை! தாய்மார்கள் தவறாமல் காண வேண்டிய படம்!” என்று கத்த வேண்டும். எங்கள் முதலாளிக்கு உண்மைக் கதைப் படங்கள் என்றால் உயிர். பெரிய நடிகர்களின் புதுப்படப் பெட்டி மதுரை விநியோகஸ்தர்களிடம் அவருக்குக் கிடைக்காது, அதனால்தான் இந்தப் பிரியம் என்று சொல்கிறவர்களும் உண்டு. வெயிலில் வாசல் வாசலாகப் போய் எதையாவது விற்றுப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், இனிமேல் வருவதைப் படிக்கும்போது என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

பொம்பளைக் குரல்

முதலில் நான் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலையில்தான் இருந்தேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ஒருநாள் உப்பளத்து வேலைக்கு என்று தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். புதுப் படம் வந்து இறங்கிவிட்டது, கூவ ஆள் இல்லை. “நான் பேசுதேன் முதலாளி” என்றேன். அவர் சிரித்தார். வேறு வழியில்லாமல், “இன்னைக்கு ஒரு நாள்” என்றார். வண்டி ஓட்டுகிற மாடசாமி அண்ணாச்சி மட்டும், “பள்ளத்துல குலுக்கும், பிடிச்சுக்கோ தாயி” என்று சொல்லி மாட்டைப் பூட்டினார்.

முதல் ஊரிலேயே வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். “பொம்பளைப் பிள்ளை நடுத்தெருவுல நின்னு சத்தம் போடுததா? அதை அமத்து!” என்றார் ஒருவர். அமத்தியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும், மறுநாள் பழையபடி டிக்கெட் மட்டும் கிழிக்கப் போயிருப்பேன். ஆனால் இந்தத் தெருவில் ஆம்பளைகள் போடாத சத்தமா என்று ஓர் ஆத்திரம் வந்தது. சத்தத்தை இன்னும் கூட்டிவைத்து, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன். படத்தின் பெயர், ஊரின் பெயர், ஆட்டம் தொடங்கும் நேரம் என்று எதையும் விடவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள்:

“நிப்பாட்டாதே ஏட்டி! ஒரு பொம்பளை பேசி முடிக்க வரைக்கும் எங்க ஊரு ஆம்பளைக சும்மா நிக்கதை இன்னைக்குத்தான் பாக்குதேன்!”

மழை மட்டும் பொய்

‘ஒரு நாள்’ என்றது நீண்டு நான் கூவிய அடுத்த படம், பஞ்சம் பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் கதை. ‘நெஞ்சை உலுக்கும் உண்மைச் சம்பவம்’ என்று தட்டியில் எழுதியிருந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கமும் மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. முதல் நாள் ஆட்டத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் மணலில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, கதாநாயகனும் நாயகியும் நனைந்து ஆட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் ஒரு சம்சாரி வண்டியை மறித்தார். “ஏம்மா, பஞ்சக் கதைன்னு கூப்பிட்டே. அங்கன அந்தப் பய மழையில குளிச்சுக்கிட்டு ஆடுதான். அது எந்த ஊருப் பஞ்சம்?” இப்படிக் கேட்டால் இளித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது தொழில் பாடம். எனக்கு அது வரவில்லை. மைக்கைப் போட்டேன். “அன்பார்ந்த பெரியோர்களே! இது உண்மைக் கதைதான். மழை மட்டும் பொய்!” போகிற ஊரில் எல்லாம் அதையே சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் சேதி முதலாளி காதுக்குப் போய்விட்டது. “என் படத்தைக் குறை சொல்ல நானே சம்பளம் குடுத்து ஆளு வச்சிருக்கேன்!” என்று குதித்தார். “பொய் சொல்லணும்னா வேற ஆளைப் பாருங்க முதலாளி” என்றேன். அதற்குள் கொட்டகைக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தப் பொய் மழையைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். வண்டியை மறித்த சம்சாரியும் இரண்டாம் தடவையாக வந்திருந்தார். படம் விட்டுப் போகும்போது என் பக்கத்தில் நின்று சொன்னார்:

“மழை வந்ததும் எந்திரிச்சு வெளிய போயிட்டேன் தாயி. மத்தது பூரா எங்க வீட்டுல நடந்ததுதான்.”

கடைசியில சாகுதாளா?

தீப்பெட்டி ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து வாசலில் வண்டியை நிறுத்துவது வழக்கம். தீக்குச்சி மருந்து வாடையோடு பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். அன்றைக்கு வரதட்சணைக் கொடுமை பற்றிய ஓர் உண்மைக் கதை. நான் உருக்கமாக ஆரம்பித்ததுமே சீனியம்மா என்கிற அக்கா வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். “முதல்ல ஒண்ணு சொல்லு. கடைசியில அந்தப் பிள்ளை சாகுதாளா?”

முடிவைச் சொல்லக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “சாகுதா அக்கா” என்றேன்.

“போன படத்துல கிணத்துல விழுந்தா. அதுக்கு முந்தினதுல ரயிலு. நீ கூவுத உண்மைக் கதை எல்லாத்துலயும் பொம்பளை செத்துப் போறா. இங்கன நிக்கவளுகளைப் பாரு. அடி வாங்கினவ இருக்கா, புருஷன் விட்டுட்டுப் போனவ இருக்கா. எல்லாரும் உசுரோடதானே இருக்கோம், நாங்க உண்மை இல்லையா ஏட்டி?” மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் கொட்டகையில் பெண்கள் பக்கம் வெறும் மணல்தான் கிடந்தது.

முதலாளியிடம் போய், “பொம்பளை சாகாத உண்மைக் கதையாக் கொண்டாங்க. இல்லேன்னா நான் அந்த ஆபீஸ் வாசலுக்குப் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே அவரே மதுரைக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்து படப்பெட்டியை என் முன்னால் வைத்தவர் சொன்னது இது:

“தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சு. பொழைச்சுக் கிடக்க பொம்பளை கதை மொத்தத்துல இந்த ஒண்ணுதான் இருந்தது.”

அறுந்த வயர்

அது பழைய படம். திரையில் கீறலாக விழும், தெரிந்த முகம் ஒன்றுகூட இராது. வடக்கே ஏதோ ஓர் ஊரில் ஒரு பெரிய மனிதர் ஊர்க் கண்மாயை வளைத்து வேலி போட்டுவிடுகிறார். கூலி வேலை பார்க்கிற ஒரு விதவை கோர்ட்டுக்குப் போய் அதைத் திறக்க வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் முதல் நாளே வந்து விசிலடித்தார்கள்.

வினை என்னவென்றால், எங்கள் வழியில் இருந்த ஓர் ஊரிலும் இதே கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பெரிய நிலக்காரர் பாதிக் கண்மாய்க்கு உடைமுள் வேலி போட்டிருந்தார். பெண்கள் தண்ணீருக்குச் சுற்றுவழியாகப் போனார்கள். அவருடைய ஆள் கொட்டகைக்கு வந்து, அந்த ஊருக்குள் இந்தப் படத்தைக் கூவக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். “அந்த ஊரை மட்டும் விட்டுரு” என்றார் முதலாளி. கொட்டகையைத் தாண்டியதும், “அண்ணாச்சி, முதல்ல அந்த ஊருக்கே விடுங்க” என்றேன்.

ஊருக்குள் நுழைந்ததுமே நிலக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வண்டியில் ஏறி அரிவாளால் வயரை அறுத்துவிட்டார்கள். குழாய் ஊமையாகிவிட்டது. மாடசாமி அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இறங்கினேன். தெருவில் நடந்துகொண்டே வெறும் வாயால் கத்தினேன். “கண்மாயைத் திறந்த ஒரு பொம்பளையோட உண்மைக் கதை! கடைசியில அவ சாகலை!” வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நிற்கிறதைப் பார்த்ததும் அந்த இரண்டு பேரும் என்னைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் வண்டிப்பாதையில் வரிசையாக அந்த ஊர்ப் பெண்கள் நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் திரை கட்டிய ஒரு வில்வண்டி. அதிலிருந்து இறங்கியது அந்த நிலக்காரரின் மனைவி. பெண்கள் வாசலில் அப்போதும் நான்தான் டிக்கெட் கிழிப்பேன். “அம்மா, வீட்டுல தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டேன். அந்த அம்மா சீலை முந்தானையைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னார்:

“அவிய பாக்கக் கூடாதுன்னு சொன்னாவ. அப்ப ஏதோ நல்ல படமாத்தான் இருக்கும்னு வந்தேன்.”

எந்த வேலி?

அந்த வாரமே அந்த ஊர்ப் பெண்கள் குடமும் அரிவாளுமாகப் போய் வேலியைப் பிடுங்கி, முள்ளை விறகுக்குக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நிலக்காரர் காரில் கொட்டகைக்கு வந்தார். கொட்டகை நின்ற தரிசு அவருடைய சொந்தக்காரருடையது. “உன் படம்தான் என் வேலியைப் பிடுங்கிச்சு. படத்தையும் தூக்கணும், இந்தப் பிள்ளையையும் தூக்கணும். இல்லேன்னா இந்த நிலத்துல நீ இருக்க முடியாது” என்றார்.

எங்கள் முதலாளி யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. “நான் போறேன் முதலாளி, படத்தை மட்டும் நிப்பாட்டாதீங்க” என்றேன். “நீ பேசாம இரு” என்று என்னை அதட்டினார். பிறகு நிலக்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, இது கீத்துக் கொட்டகை. பிரிச்சா எங்கன வேணும்னாலும் கட்டிக்கிடுவேன். படம் ஓடும், இந்தப் பிள்ளையும் கூவும்” என்றார். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தார்.

சொன்னபடியே கொட்டகையைப் பிரித்து, குளத்தூர் போகிற ரோட்டோரம் ஓர் ஊரில் போட்டோம். கீற்றுக் கட்டுகளை வண்டியில் ஏற்ற அந்தக் கண்மாய் ஊர்ப் பெண்களே வந்து நின்றார்கள். புது இடத்திலும் முதல் படமாக அதையே போட்டோம். நான் மைக்கைப் பிடித்து, “உண்மைக் கதை!” என்று ஆரம்பித்ததுமே, ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று கேட்டார்:

“வந்துட்டியளா? எங்க ஊருல எந்த வேலியைப் பிடுங்கப் போறீங்க?”

இத்தனை உண்மைக் கதைகளைக் கூவி விற்றதில் நான் சம்பாதித்தது, யாராவது ‘வாயை மூடு’ என்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாய்ப் பேசுகிற இந்தக் கெட்ட பழக்கம் ஒன்றைத்தான்.